மூன்று வாரத்தில் ஒரு பழைய நிலம்: செல்சி மலர்க்காட்சியின் காட்சித் தோட்டங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏப்ரல் இறுதியில் அது வெறும் புல்தரை. மே மூன்றாம் வாரம் அதே இடத்தில் கிளை பரப்பிய மரங்களும், பாதி புதைந்த பாறைகளும், அவற்றைச் சுற்றி வளைந்தோடும் ஓடையும் இருக்கின்றன. காட்சி முடிந்து எல்லாம் பிரிக்கப்பட்டதும் மறுபடி புல்தரை. லண்டனில் ராயல் ஹாஸ்பிடல் செல்சி வளாகத்தில், ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 1913 முதல் நடத்திவரும் மலர்க்காட்சியின் பெரிய காட்சித் தோட்டங்களுக்கு வாய்த்த ஆயுள் இவ்வளவுதான். கட்ட மூன்று வாரத்துக்கும் குறைவான காலம், காட்ட ஐந்து நாள். மெயின் அவென்யூ என்ற நடுப்பாதையின் ஓரத்தில் கிடைக்கும் பெரிய மனை ஏறத்தாழ 10 மீட்டருக்கு 22 மீட்டர்.

இந்தக் குறுகிய காலத்தில் ‘இது இங்கேயே இருந்த நிலம்’ என்று நம்பவைத்த தோட்டங்கள் சில உண்டு. 2015இல் டான் பியர்சன் அமைத்த சாட்ஸ்வொர்த் தோட்டம், 2022இல் லூலு உர்குஹார்ட், ஆடம் ஹன்ட் இருவரும் அமைத்த பீவர் அணை நிலம், 2023இல் சார்லட் ஹாரிஸ், ஹ்யூகோ பக் இணை அமைத்த ஹொரேஷியோஸ் கார்டன் ஆகிய மூன்றையும் இங்கே விரிவாகப் பார்க்கலாம். 2017இன் மால்டா கல்குவாரியும் 2024இன் பிர்ச் காடும் துணைக்கு வரும். ஐந்துமே அந்தந்த ஆண்டின் சிறந்த காட்சித் தோட்டம் என்ற விருதை வென்றவை. ஆனால் தேர்வுக்குக் காரணம் விருது அல்ல. ‘நேற்று வைத்தது’ என்று ஒரு தோட்டத்தைக் காட்டிக்கொடுப்பது அதன் விளிம்புதான்: கல் மண்ணைத் தொடும் கோடு, நீர் கரையைத் தொடும் கோடு, நடைபாதை பாத்தியைத் தொடும் கோடு. பார்ப்பவர் கண் பூவில் தங்கும். நம்பிக்கையின்மை விளிம்பில் தொடங்கும். இந்த ஐந்து தோட்டங்களும் தங்கள் விளிம்புகளை ஒவ்வொரு விதமாகக் கையாண்டன. அவற்றிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

நடுவர்கள் கையில் இருக்கும் தாள்

செல்சியில் தோட்டங்கள் ஒன்றோடு ஒன்று போட்டியிடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் நோக்கக் குறிப்போடுதான் ஒப்பிடப்படுகிறது. தோட்டம் யாருக்கானது, எந்த மாதிரி இடத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்படுகிறது, மண் எப்படி, வெயில் எவ்வளவு, எதற்குப் பயன்படும் என்று வடிவமைப்பாளரே முன்கூட்டி எழுதித் தருகிறார். நடுவர்கள் ஒன்பது அளவுகோல்களின்கீழ் மதிப்பெண் போடுகிறார்கள். தங்கம், தங்கமுலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம் என நான்கு படிநிலைகள். தகுதி இருந்தால் ஒரே ஆண்டில் எத்தனை தோட்டத்துக்கும் தங்கம் கிடைக்கலாம். தங்கம் வென்றவற்றிலிருந்து சிறந்த தோட்டம் ஒன்று தேர்வாகும். திறப்புக்கு முந்தைய திங்கட்கிழமை மதிப்பீடு முடிந்துவிடும். செவ்வாய் காலை பதக்கம் தெரியும்.

இதனால் தோட்டம் தோற்கும் முதல் இடம் அந்தத் தாளாகவே இருக்கிறது. ‘குறைந்த நீரில் வாழும் தோட்டம்’ என்று எழுதிவிட்டு, ஈரம் விரும்பும் பிரிமுலாவையும் வறட்சி தாங்கும் லாவெண்டரையும் ஒரே பாத்தியில் வைத்தால், இரண்டும் அழகாகப் பூத்திருந்தாலும் மதிப்பெண் போய்விடும். ‘அனைவரும் அணுகத்தக்கது’ என்று எழுதிய தோட்டத்தில் ஒரே ஒரு படி இருந்தாலும் அதே கதி. குறிப்பில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் நடுவர் சரிபார்க்கப்போகும் ஒரு கடன். அனுபவமுள்ளவர்கள் பத்து வாக்குறுதி தருவதில்லை. நான்கைத் தந்து நான்கையும் நிறைவேற்றுகிறார்கள்.

நாட்கள் எங்கே போகின்றன

மனைக்குக் கீழே குழாய்களும் கேபிள்களும் ஓடுகின்றன. பக்கத்திலேயே வளாகத்தின் பழைய மரங்களின் வேர்கள். ஆகவே விரும்பிய ஆழத்துக்குத் தோண்ட முடியாது. நிலத்தில் ஏற்றத்தாழ்வு வேண்டுமானால் மேலே ஏற்றித்தான் ஆகவேண்டும். கணக்கைப் பாருங்கள்: 220 சதுர மீட்டரைச் சராசரியாக 30 சென்டிமீட்டர் உயர்த்த 66 கன மீட்டர் மண் வேண்டும். அது சுமார் 100 டன். பெரிய டிப்பர் லாரிகளில் ஐந்தாறு நடை. இவ்வளவும் முதல் மூன்று நான்கு நாளில், நெரிசலான ஒற்றைப் பாதை வழியாக உள்ளே வந்து சேரவேண்டும்.

அடுத்து மரங்களும் பாறைகளும். கிரேன் நிற்க இடம் இருக்கும்போதே இவை இறங்கிவிட வேண்டும். பக்கத்து மனைகளில் கட்டுமானம் எழும்பிய பிறகு கிரேனை உள்ளே கொண்டுவர வழியிருக்காது. 1.2 மீட்டர் விட்டமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட தாய்மண் உருண்டை, அதாவது வேரைச் சுற்றிய மண்கட்டி மட்டுமே ஒரு டன் எடை. தூக்கும் பட்டையைத் தாய்மண்ணுக்கு அடியில்தான் கட்டவேண்டும். தண்டில் கட்டினால், வசந்தத்தில் சாறு ஏறியிருக்கும் பட்டை வழுக்கி உரிந்துவிடும். அந்தக் காயத்தை எந்தச் செடியாலும் மறைக்க முடியாது. வயலிலிருந்து பிடுங்கும் மரமென்றால், குளிர்காலத்தில் இலையற்று உறங்கும்போதே எடுத்துத் தொட்டியில் வைத்து நான்கைந்து மாதம் பராமரித்திருக்க வேண்டும். துளிர்விட்ட பிறகு, ஏப்ரலில் தோண்டி எடுத்த மரம் காட்சி நாளுக்குள் துவண்டுபோகும்.

நடும் ஆழத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தண்டு அடியில் அகன்று வேராகப் பிரியும் இடம் தரைமட்டத்தில் கண்ணுக்குத் தெரியவேண்டும். அது புதைந்துபோனால் மரம் நட்ட கம்பம்போல நிற்கும். இது மரத்தின் விளிம்பு. பலர் கவனிக்காமல் விடுவது.

கல்வேலை நடுவாரத்தில் முடியவேண்டும். கல் அறுக்கும் தூசி இலைகளில் படிந்தால் கழுவக் கழுவப் போகாது. அதனால் அறுப்பதை வெளியிலேயே முடித்து எடுத்துவருவது, இல்லையேல் நீர் தெளித்து அறுப்பது வழக்கம். கடைசி ஆறேழு நாள் செடிகளுக்கு. பின்னாலிருந்து முன்னால், பலகைமேல் நின்றபடி நட்டுக்கொண்டே வெளியேறுவார்கள். ஒரு நாள் மழை இந்த வரிசையைக் குலைத்தால் இழப்பு ஒரு நாளோடு நிற்பதில்லை; நனைந்த மண்ணில் மிதித்தால் அது இறுகி, அடுத்த இரண்டு நாள் நடவும் தடுமாறும்.

2015: முதுகில்லாத தோட்டம்

டான் பியர்சன் 2004க்குப் பிறகு 11 ஆண்டு இடைவெளிவிட்டு செல்சிக்குத் திரும்பினார். லாரன்ட்-பெரியே என்ற ஷாம்பெயின் நிறுவனமும் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையும் பின்னணியில் நின்றன. அவருக்குக் கிடைத்தது முக்கோண மனை. மற்ற பெரிய மனைகளுக்குப் பின்பக்கம் ஒரு வேலியோ சுவரோ இருக்கும். பார்வையாளர்கள் ஒன்றிரண்டு பக்கம் மட்டும் நிற்பார்கள். இங்கே சுற்றிலும் மக்கள். ‘பின்பக்கம்’ என்று ஒன்று இல்லாததால் பம்பையோ மின்கம்பியையோ ஒளித்துவைக்க மூலை இல்லை. எந்தப் பாறையும் தன் மோசமான முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்ள முடியாது.

அவர் எடுத்துக்கொண்ட மூலம் சாட்ஸ்வொர்த்தின் பிரபலமான அருவிப்படிகள் அல்ல. அங்கே அதிகம் பேர் எட்டிப்பார்க்காத டிரவுட் ஓடையும், 19ஆம் நூற்றாண்டில் அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசஃப் பாக்ஸ்டன் அடுக்கிய பாறைத் தோட்டமும். அந்த எஸ்டேட்டின் பாறைகளே லண்டனுக்கு வந்தன. இந்தத் தேர்விலேயே பாதி வெற்றி இருந்தது. வெயிலும் மழையும் பட்டு நிறம் மாறிய பாறையை விலைக்கு வாங்கிய புதுக்கல்லால் ஈடுகட்ட முடியாது.

பாறையை வைப்பது எப்படி? கன மீட்டருக்கு 2.5 டன் என்று கொண்டால், 1.5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரமுள்ள ஒரு பாறையே 4.5 டன். கிளறிய மண்மீது நேராக வைத்தால் இரண்டு நாளில் ஒரு பக்கம் அமுங்கும்; அடியில் 15 சென்டிமீட்டர் அளவுக்காவது உடைகல் போட்டு இடித்து இறுக்க வேண்டும். தூக்குவதற்கு நைலான் பட்டைதான். இரும்புச் சங்கிலி உராய்ந்தால் வெள்ளைக் கீறல் விழும், அந்தக் கீறல் பத்து மீட்டர் தொலைவிலிருந்தே தெரியும். மூன்றில் ஒரு பங்காவது புதையவேண்டும். பாறையின் அடுக்குக் கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே சாய்ந்தால் அது பாறைத்தொடர் அல்ல, கொட்டிவைத்த கற்குவியல். பெரியவற்றை முதலில் வைத்து, சிறியவை அவற்றிலிருந்து உடைந்து உருண்டதுபோல் கீழ்ப்பக்கமாக வைப்பார்கள்.

ஓடையின் விளிம்பு இதைவிடக் கடினம். ஓடைக்கு அடியில் நீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் விரிப்பு (லைனர்) உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அது தெரியக்கூடாது என்பதும் தெரியும். தவறு நடப்பது லைனரை மறைக்கும் முறையில். கரை மண்ணை லைனருக்கு மேலாக நீர்வரை இறக்கிவிட்டால், அந்த மண் திரிபோல நீரை உறிஞ்சி வெளிமண்ணுக்குக் கடத்தும். ஓட்டை எதுவும் இல்லாமலே ஒரே இரவில் நீர்மட்டம் இறங்கும். சரியான முறையில், லைனரின் ஓரம் நீர்மட்டத்துக்கு மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர்வரை ஏறி நிமிர்ந்து நிற்கும். உள்பக்கம் நீருக்குக் கீழே ஒரு படி விட்டு, அதில் கல்லை அமர்த்தி, கல் லைனரை மறைக்கும். வெளிமண் லைனரின் முதுகுவரை மட்டும். நீர் கல்லின்மேல் ஏறி இறங்குவதால் கரை இயற்கையாகத் தெரியும். உள்ளே இருப்பதோ இறுக்கமான ஒரு பாத்திரம்.

நீரின் அளவும் கணக்குக்குரியது. 6 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓடையில், பம்ப் ஓடும்போது மட்டம் 3 சென்டிமீட்டர் உயர்ந்தால் அந்த உயர்வு மட்டும் 108 லிட்டர். பம்ப் நின்றதும் அவ்வளவும் கீழ்த்தொட்டிக்கு வந்துசேரும். தொட்டியில் அந்த இடைவெளி இல்லையென்றால் இரவில் வழிந்து, காலையில் பாதையோரப் பாத்தி சேறாகியிருக்கும். நீர் வழியும் உதட்டின் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்துக்கும் மணிக்கு 150 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. 30 சென்டிமீட்டர் உதட்டுக்கு 4,500 லிட்டர். பம்பின் பெட்டிமேல் அச்சடித்த எண் பூஜ்ய உயரத்துக்கானது. ஒன்றரை மீட்டர் ஏற்றினால் கணிசமாகக் குறையும் என்பதால், அந்த உயரத்தில் எவ்வளவு தரும் என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

செல்சிக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: லண்டன் பிளேன் மரங்கள். மே மாதத்தில் அவற்றின் காய்களிலிருந்து பறக்கும் மெல்லிய மயிரிழைகள் கட்டுமானக்காரர்களுக்கு இருமலைக் கொடுப்பதோடு நீர்ப்பரப்பிலும் ஆடையாகப் படிகின்றன. தினமும் காலையில் வலையால் வழித்தெடுக்காவிட்டால் ஓடை பழையதாக அல்ல, பராமரிப்பற்றதாகத் தெரியும். பம்பின் வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும்.

சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது அதன் அடக்கம். சாய்ந்த வில்லோக்கள், ஈரப்புல்வெளிச் செடிகள், நிழலோரம். ‘என்னைப் பார்’ என்று கூப்பிடும் பூக்கூட்டம் எங்கும் இல்லை. செடிகளைத் தனித்தனியாக மட்டும் நடாமல், விரிப்பாக வளர்த்த புல்வெளியையும் கொண்டுவந்து விரித்தார்கள். இத்தகைய விரிப்பின் ஓரத்தைக் கத்தியால் நேராக வெட்டக்கூடாது. கையால் கிழித்து, ஒழுங்கற்ற ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோக்க வேண்டும். இல்லையென்றால் கம்பளத் துண்டுகளைப் போல இணைப்புக் கோடு தெரியும்.

2022: ஒழுகும் அணை

நிலத்தை இயற்கையின் போக்குக்கே திருப்பிவிட முனையும் ‘ரீவைல்டிங் பிரிட்டன்’ அமைப்புக்காக அமைந்த இந்த நிலம் தென்மேற்கு இங்கிலாந்தின் ஓடைக்கரை ஒன்றைக் காட்டியது. பிரிட்டனில் ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் வேட்டையாடி அழிக்கப்பட்ட பீவர் எனும் அணைகட்டும் கொறிவிலங்கு, டெவன் மாவட்டத்தின் ஆட்டர் ஆற்றில் மறுபடி தென்பட்டது. 2015 முதல் 2020 வரை அங்கே சோதனைத் திட்டம் நடந்து, தொடர்ந்து இருக்க அனுமதியும் கிடைத்தது. அந்த விலங்கு திரும்பிவந்தால் நிலம் எப்படி மாறும் என்பதுதான் நோக்கக் குறிப்பு. ஹாத்தார்ன், ஹேசல், ஃபீல்ட் மேப்பிள் ஆகிய உள்ளூர் மரங்கள், ஒரு பழைய கல்சுவர், மரப்பலகை நடைபாதை, மறைந்திருந்து பார்க்க ஒரு குடில், நடுவே குச்சிகளால் ஆன அணை.

அணைதான் இந்தத் தோட்டத்தின் உயிர். பீவர் கட்டும் அணை மதகுபோல ஓரிடத்தில் வழிவதில்லை. அது நூறு இடங்களில் கசியும். இத்தகைய ஒன்றைச் செய்யும்போது, உள்ளே நீரைத் தாங்கும் ஒரு மறைசுவர் எழுப்பி, அதன் மேல்விளிம்பைச் சீர்மட்டமாக விடாமல் அங்கங்கே 5 முதல் 10 மில்லிமீட்டர் தாழ்த்த வேண்டும். அந்தத் தாழ்வுகள் வழியே வரும் நீர் முன்னால் அடுக்கிய குச்சிகளுக்குள் சிதறிக் கசிவாகிறது. தாழ்வு 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் எல்லா நீரும் அந்த ஒரு வாய்க்கே போய், மற்ற குச்சிகள் காய்ந்து வெளிறும். ரசமட்டம் வைத்துச் சரிபார்க்கும் வேலை இது. ‘இயற்கை’ என்ற பெயரில் நடக்கும் மிகத் துல்லியமான கட்டுமானம்.

குச்சிகளின் நுனியும் பேசும். பீவர் கடித்த நுனி பென்சில் சீவியதுபோல் கூம்பாக, இணைப் பற்தடங்களோடு இருக்கும். கோடரியால் வெட்டினால் தட்டையான முகங்கள் விழும். பீவர்கள் உண்மையிலேயே கடித்துப்போட்ட கட்டைகளையே அமைப்பாளர்கள் கொண்டுவந்தார்கள்.

இது சிறந்த காட்சித் தோட்டமாக அறிவிக்கப்பட்டதும் விவாதம் கிளம்பியது. தோட்டம் என்றால் மனிதன் திட்டமிட்டு நட்டுப் பேணுவது. இது ஒரு நிலக்காட்சியின் நகல்தானே என்றார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் நடுவர்கள் முன் இருந்த கேள்வி வேறு: சொன்னதைச் செய்தார்களா? அந்த அளவில் பார்த்தால் முடிவு சரியென்றே நினைக்கிறேன். மேட்டுநிலம், ஈரக்கரை, நீர் என ஒவ்வோர் அடியிலும் செடிக்கூட்டம் மாறியது. எந்தச் செடியும் தவறான ஈரத்தில் நிற்கவில்லை. அலங்காரத் தோட்டத்தில் ஒரு பிழையை ஒரு ரோஜாவால் மறைக்கலாம். உள்ளூர்ச் செடிகள் மட்டும் இருக்கும் இடத்தில் மறைக்க எதுவுமில்லை. முதல்முறை செல்சிக்கு வந்த இருவர் அதைச் செய்தார்கள் என்பது பெரிய விஷயம். குறையென்று சொன்னால், மனிதர் உட்கார்ந்து தங்கும் இடமாக அது எழவில்லை. குடிலுக்குள் போய் எட்டிப்பார்த்துவிட்டு வெளியே வரவேண்டியதுதான்.

மால்டா தோட்டம் இதே வாதத்தின் முன்னோடி. 2017இல் ஜேம்ஸ் பாசன், கைவிடப்பட்ட மால்டா கல்குவாரி ஒன்றை நிமிர்ந்த சுண்ணாம்புக்கல் தூண்களோடும், அந்தத் தீவின் வறண்ட நிலச் செடிகளோடும் அமைத்தார். பெரிய காட்சித் தோட்டங்கள் எட்டே இருந்த ஆண்டு அது. பூ தேடி வந்தவர்களில் பலருக்கு அது வெறுமையாகப்பட்டது. அங்கே விளிம்பு என்பது கல்லில் விழுந்த வெடிப்பு. செடி அதில் தானே முளைத்ததுபோல் தெரியவேண்டும். அதற்கு 9 சென்டிமீட்டர் தொட்டிக்கும் சிறிய கன்றுகளே உதவும். மண்ணை உதறி வேரைப் பிளவுக்குள் நுழைத்து, அதே கல்லின் பொடியால் அடைப்பார்கள். கறுப்புத் தொட்டிமண் துளி தெரிந்தாலும் ஏமாற்று வெளிப்பட்டுவிடும்.

மே மாதத்துக்குப் பூவைக் கொண்டுவருவது

செடிகளுக்கான ஒப்பந்தம் முந்தைய இலையுதிர் காலத்திலேயே நர்சரிகளோடு போடப்படுகிறது. தேவையைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்குவரை வளர்ப்பார்கள். இரண்டு லிட்டர் தொட்டிச் செடி காட்சியில் சதுர மீட்டருக்கு 20 முதல் 25 வரை நிற்கும். வீட்டுத் தோட்டத்தில் 7 முதல் 9 போதும். பாத்திப் பரப்பு 120 சதுர மீட்டர் என்றால் 3,000 செடிவரை. அதற்கு 4,500 முதல் 6,000 வரை வளரவேண்டும்.

குளிர் நீடித்தால் பசுமைக்குடிலில் சூடேற்றி முன்னுக்கு இழுப்பார்கள். வெயில் முந்திக்கொண்டால் நிழலுக்கு மாற்றுவார்கள், அதுவும் போதாதபோது குளிர்பதனக் கிடங்கு. 2 முதல் 4 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் பத்து நாள்தான் தாங்கும். அதற்குமேல் இருட்டில் இலை வெளிறும். சூட்டில் வளர்ந்த செடியின் தண்டு மெலிந்து நீண்டிருக்கும். அதைக் குறைந்தது ஒரு வாரம் வெளிக்காற்றுக்குப் பழக்காமல் மனையில் நட்டால் முதல் காற்றிலேயே சாய்ந்துவிடும். காட்சியில் துவண்டு நிற்கும் ஃபாக்ஸ்குளோவ் பெரும்பாலும் நீரில்லாமல் துவண்டதல்ல, பழக்காமல் வந்தது.

தாடி ஐரிஸ் இன்னொரு சோதனை. ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான். எல்லாத் தண்டும் திங்களன்று முழுசாக விரிந்திருந்தால் வியாழக்கிழமைக்குள் தோட்டம் கசங்கிவிடும். தண்டில் ஒன்று விரிந்தும், ஒன்று நிறம் காட்டியும், ஒன்று மூடியும் இருப்பதாகப் பார்த்து எடுக்கவேண்டும். அதே நேரம் ஆகஸ்டில் பூக்கும் செடியை வலிந்து மே மாதத்தில் பூக்கவைத்து, வசந்தச் செடியோடு சேர்த்து வைப்பதும் பிழை. உண்மையான எந்தத் தோட்டத்திலும் அவை ஒன்றையொன்று பார்க்காது. செடி தெரிந்த நடுவர் அதை மன்னிக்கமாட்டார்.

செடியைத் தொட்டியோடு புதைத்தால் வாடியதை எளிதாக மாற்றலாம், உண்மைதான். ஆனால் தொட்டியோடு நிற்கும் செடி சிப்பாய்போல நேராக நிற்கும், விளிம்பும் எட்டிப்பார்க்கும். தொட்டியை நீக்கி, தாய்மண்ணைச் சற்றுச் சாய்த்து வைத்தால் செடி பக்கத்துச் செடியோடு கலக்கும். முன்வரிசை பாதையை நோக்கிக் கொஞ்சம் சாயவேண்டும். ஒன்றிரண்டு பாதைமேலேயே படரவேண்டும். பாதைக்கும் பாத்திக்கும் நடுவே மண்கோடு தெரிந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும் இடம்.

2023: படுக்கையிலிருந்து தெரியும் தோட்டம்

ஹொரேஷியோஸ் கார்டன் என்பது தண்டுவடக் காயம்பட்டோர் சிகிச்சை பெறும் மருத்துவமனைகளில் தோட்டம் அமைக்கும் அறக்கட்டளை. ஹாரிஸ், பக் இணை வடிவமைத்தது ஷெஃபீல்டில் உள்ள பிரின்சஸ் ராயல் தண்டுவடக் காய மையத்துக்குப் போய்ச்சேர வேண்டிய தோட்டம். நான் பார்த்த நோக்கக் குறிப்புகளில் இதைவிட நெருக்கடியானது இல்லை. ஏனென்றால் பயன்படுத்துபவர் சக்கர நாற்காலியில் இருப்பார், அல்லது மல்லாந்து படுத்த நிலையில் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வரப்படுவார்.

நிற்பவரின் கண்மட்டத்துக்கு வரைந்த படம் இங்கே பயன்படாது. நாற்காலியில் இருப்பவரின் கண் தரையிலிருந்து 1.05 முதல் 1.25 மீட்டர் உயரத்தில். 90 சென்டிமீட்டர் உயரச் செடியே அவருக்குச் சுவராகிவிடலாம். படுத்திருப்பவருக்கு மரக்கிளைகளின் அடிப்பக்கம்தான் தோட்டம். ஆகவே மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கீழே படுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே முறை. இலையூடே ஒளி எப்படி விழுகிறது, குறுக்குக் கிளை கண்ணை உறுத்துகிறதா என்பது நின்று பார்த்தால் தெரியாது.

தரை இன்னும் கண்டிப்பானது. நடைபாதைக் கற்களுக்கிடையே 5 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு நடப்பவர் காலுக்குத் தெரியாது. தண்டுவடம் காயம்பட்டவருக்கு அந்தச் சிறு அதிர்வே தசைப்பிடிப்பையும் வலியையும் கிளப்பும். அதனால்தான் இணைப்புகளற்ற தரை. சிமென்ட் சேர்க்காத டெரசோவால், அதாவது கற்சில்லுகள் பதித்து வழுவழுப்பாக்கிய தரைப்பூச்சால் பாதை போட்டார்கள். இப்படிப்பட்ட பாதையின் நீளவாட்டுச் சரிவு 20க்கு 1ஐத் தாண்டக்கூடாது. குறுக்குச் சரிவு 50க்கு 1க்குள் இருந்தால்தான் நாற்காலி பக்கவாட்டில் இழுக்காது. இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும். மழைநீர் வடிகாலின் துளைகள் பயணத் திசைக்குக் குறுக்காக இருக்கவேண்டும். நீளவாட்டில் இருந்தால் முன்சக்கரம் விழுந்து மாட்டிக்கொள்ளும். மற்றத் தோட்டங்களில் விளிம்பை மறைக்கப் பாடுபட்டார்கள். இங்கே பாதையின் விளிம்பு உடலுக்கே தட்டுப்படாமல் கரைந்துபோயிற்று. அதை அழகு குறையாமல் சாதித்ததால்தான் ஐந்தில் இதை முதலில் வைக்கிறேன். தோட்டத்தில் அடுக்கிய கற்குவியல்களும், நாற்காலியில் இருந்தபடியே கைநீட்டித் தொடும் உயரத்தில் நீரும் இருந்தன.

2024இல் உலா மரியா, தசைச்சிதைவு நோய்க்கான ‘மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி யூகே’ அமைப்புக்கு அமைத்த காடுறைத் தோட்டம் இதன் தொடர்ச்சிபோல இருந்தது. ஜப்பானியரின் ‘ஷின்ரின்-யோகு’ என்னும் காட்டில் திளைக்கும் வழக்கம் அதன் கரு. நாற்பதுக்கும் மேற்பட்ட பிர்ச் மரங்கள். மனை முழுவதும் சமமாகப் பரப்பினால்கூட மரத்துக்கு மரம் 2.3 மீட்டருக்குமேல் கிடைக்காது. பாதையும் சுவரும் போக இன்னும் நெருங்கும். எனவே ஒல்லித் தண்டும் சிறிய தாய்மண்ணும் உள்ள மரங்களை, சில இடத்தில் ஒட்டியும் சில இடத்தில் விலகியும் நடவேண்டும். சம இடைவெளி விட்டால் காடு தோப்பாகிவிடும். பிளந்த ஃபிளின்ட் (சிக்கிமுக்கி) கற்களால் ஆன சுவர், உடைத்த முகத்தின் கருமையோடு, வெள்ளைத் தண்டுகளுக்குப் பின்னணியாக நின்றது.

பிரித்துப் பூட்டுவது

பீவர் அணை, ஹொரேஷியோஸ், பிர்ச் காடு மூன்றுக்கும் பணம் கொடுத்தது ‘ப்ராஜெக்ட் கிவிங் பேக்’ என்ற அமைப்பு. அது ஆதரிக்கும் தோட்டங்கள் காட்சி முடிந்ததும் வேறிடத்தில் நிலையாக அமையவேண்டும் என்பது நிபந்தனை. உலா மரியாவின் தோட்டம் ஆக்ஸ்ஃபர்டுக்கும், ஹொரேஷியோஸ் ஷெஃபீல்டுக்கும் என்று முன்பே முடிவாகியிருந்தது. 2015இன் பாறைகளும் சாட்ஸ்வொர்த்துக்கே திரும்பின.

இடம்பெயரப்போகும் தோட்டத்தில் கட்டும் முறையே மாறும். கான்கிரீட் அடித்தளத்துக்குப் பதில் இறுக்கிய கல்படுகை அல்லது திருகி இறக்கும் இரும்புக்கால். சுவரை ஒரே நீளமாகக் கட்டாமல், தூக்கக்கூடிய பலகைப் பகுதிகளாக வெளியில் கட்டிவருவார்கள். சிமென்ட் பூசினால் பிரிக்கும்போது கல்லே உடையும். சுண்ணாம்புச் சாந்து விட்டுக்கொடுக்கும். பாறைகளுக்கு எண் எழுதி, ஒவ்வொன்றும் எந்த முகம் எந்தத் திசை என்று படமெடுத்து வைப்பார்கள். அந்தப் படங்கள் இல்லாமல் போனால், இரண்டாவது இடத்தில் அதே பாறைகள் மறுபடி கற்குவியலாகிவிடும்.

செடிகளில்தான் இழப்பு அதிகம். வாடகை மண்ணிலிருந்து பிடுங்கி ஜூன் வெயிலில் நேரே புது இடத்தில் நட்டால், பூத்துக் களைத்த செடியும் அறுபட்ட வேரும் தாங்காது. பூத்தண்டுகளைக் கத்தரித்து, மறுதொட்டியிட்டு, நர்சரியில் இலையுதிர் காலம்வரை வைத்திருந்து நடுவதே பிழைக்கும் வழி. மரங்களின் தாய்மண்ணைச் சாக்கால் சுற்றி, காத்திருக்கும் மாதங்களில் சொட்டுநீர் விடவேண்டும். அப்போது இன்னொரு கணக்கும் எழும். காட்சியில் சதுர மீட்டருக்கு 25 வீதம் நெருக்கி நின்ற 3,000 செடிகளை, வளர இடம் விட்டு 8 வீதம் நட்டால் அவை 375 சதுர மீட்டரை நிரப்பும். செல்சியில் 120 சதுர மீட்டர்ப் பாத்தியில் நின்ற செடிகளுக்கு, போய்ச்சேரும் இடத்தில் மூன்று மடங்கு பாத்தியை முன்கூட்டியே பண்படுத்தி வைத்திருக்க வேண்டும்.